நிக்கல் சோதனைத் தாள்: செர்பென்டைன் காட்டில் இலைக்கு நம்பலாம், மண்ணுக்கு நம்ப வேண்டாம்

டைமெத்தில் கிளையாக்சைம் தோய்த்து உலர்த்திய வடிதாள்தான் பொருள். புழக்கத்தில் டி.எம்.ஜி. தாள். நிக்கல் அயனி பட்டால் ரோஜா நிறம் ஏறும். ரஷ்ய வேதியியலாளர் லெவ் சுகாயெவ் 1905இல் கண்டறிந்த வினை இது. செர்பென்டைன் என்ற, மெக்னீசியமும் நிக்கலும் மிகுந்த பாறை மீது வளரும் மலைக்காடுகளில் வேலை செய்பவர்களின் பையில் நோட்டுக்கும் கத்திக்கும் அடுத்து இருக்க வேண்டியது இந்தத் தாள். ஆனால் இதை மண் பரிசோதனைக் கருவி என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். அதனால் இலை, மண் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலை.

கடையில் இது மூன்று உருவத்தில் கிடைக்கிறது. நகை, கொக்கி போன்றவற்றில் நிக்கல் ஒவ்வாமைக்காக விற்கும் இரண்டு சிறு குப்பிகள் (ஒன்றில் டி.எம்.ஜி., மற்றதில் அம்மோனியா), ஆய்வகத்துக்கான ஆயத்தக் கீற்றுகள், பொடியாக வாங்கி நாமே தோய்த்துக்கொள்வது. காட்டு வேலைக்கு மூன்றாவதுதான் சரி. குப்பியில் உள்ள ஆல்கஹால் இலையின் பச்சையத்தைக் கரைத்து, வரும் நிறத்தின் மேல் பச்சையைப் பூசிவிடுகிறது. ஆயத்தக் கீற்றுகள் நீர்க்கரைசலுக்காகச் செய்தவை. இலையைக் கசக்கி அழுத்தும் அளவுக்கு அவற்றின் பட்டையில் இடமில்லை.

தயாரிப்பு எளிது. 1 கிராம் பொடியை 100 மில்லி 95 சதவீத எத்தனாலில் கரைக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் கரையாது. பலர் தவறுவது இங்கேதான். வாட்மேன் 1 வகை வடிதாளைத் தோய்த்து, தீ இல்லாத காற்றோட்டமான இடத்தில் நிழலில் உலர்த்தி, 2 செ.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் அடைத்துவிடலாம். கினபாலு போன்ற ஈரமான மலையில் சிலிக்கா ஜெல் கட்டாயம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் தாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011க்கு முந்தைய மலேசிய 20 சென் காசு செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அம்மோனியா ஒரு சொட்டு வைத்து அந்தக் காசைத் தாளில் தேய்த்தால் ரோஜா நிறம் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இலைச் சோதனை இப்படி. முதிர்ந்த இலையைத் தண்ணீரில் கழுவித் துடைக்கவும். ஒட்டியிருக்கும் மண்தூசு பொய்ச்சாட்சி சொல்லும். ஒரு சதுர செ.மீ. துண்டைத் தாளுக்கிடையில் மடித்து, கல்லாலோ கட்டைவிரலாலோ நசுக்கவும். உலர்ந்த மாதிரி என்றால் முதலில் ஒரு சொட்டு வாலை வடிநீர். நிக்கல் மிகுந்த செடி என்றால் ஒரு நிமிடத்துக்குள் பளிச்சென்ற ரோஜா. இலைச்சாறு புளிப்பாக இருந்தால் நிறம் தயங்கும்; அம்மோனியா பாட்டிலின் வாய்க்கு மேல் தாளைச் சிறிது நேரம் பிடித்தால் போதும். பக்கத்திலேயே டி.எம்.ஜி. தோய்க்காத வெறும் வடிதாளிலும் அதே இலையை நசுக்குங்கள். சாறே சிவப்பாக உள்ள செடிகள் இருக்கின்றன. வெறும் தாளிலும் சிவந்தால் அது நிக்கல் அல்ல. நிக்கல் முலாம் பூசிய இடுக்கி, துளைப்பான் எதையும் கிட்டே விடாதீர்கள்.

இலையில் இவ்வளவு தெளிவாக வேலை செய்வதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. உலர் எடையில் ஒரு கிலோவுக்கு 1,000 மி.கி. நிக்கல் என்பதுதான் 'மிகைசேர்ப்பி' செடிக்கு (நிக்கலை அளவுக்கு மிஞ்சித் தன்னில் சேர்க்கும் செடிக்கு) 1977 முதல் வழங்கும் வரம்பு. இலையில் எழுபது சதவீதம் நீர் என்று வைத்தால், அந்த நிக்கல் முழுவதும் சாறில் இருந்தால் லிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல். இந்தச் சோதனைக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 10 மி.கி. போதும். கினபாலு அடிவாரச் சரிவுகளின் ஃபிலாந்தஸ் ரூஃபுஸ்சேனி என்ற செடியின் இலையில் நிக்கல் கிலோவுக்கு 20,000 மி.கி.யைத் தாண்டும். ரினோரியா பெங்காலென்சிஸ் மரமும் மிகைசேர்ப்பிதான். அதன் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே மரகதப் பச்சை தெரியும். அதில் தாளை ஒற்றினால் உடனே சிவக்கும். இதே மரம் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சாதாரண மண்ணில் வளர்ந்த மரத்தின் இலை தாளை வெள்ளையாகவே விட்டுவிடும். நிக்கலைக் கொடுப்பது மண். அதை ஏற்றுச் சேர்ப்பது மரம்.

ஆனால் இந்தத் தாள் மண்ணை நேரடியாகப் பார்க்கத் தெரியாதது. செர்பென்டைன் மண்ணில் மொத்த நிக்கல் கிலோவுக்கு 1,000 முதல் 3,000 மி.கி., அதற்கு மேலும் இருக்கலாம். அதில் பெரும்பகுதி ஆலிவின், செர்பென்டைன் கனிமங்களுக்குள் மெக்னீசியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது; முற்றிச் சிவந்த மண்ணிலோ கோதைட் என்ற இரும்பு ஆக்சைடுக்குள் மாட்டியிருக்கிறது. தண்ணீரில் கலக்கி ஒற்றினால் தாள் வெள்ளையாகவே இருக்கும். அதைப் பார்த்து 'இது செர்பென்டைன் மண் இல்லை' என்று முடிவெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கினபாலு உச்சிப் பாதையில் சுமார் 2,700 மீட்டரில் லாயாங் லாயாங் அருகே மண் செம்மஞ்சளாக மாறும்; லெப்டோஸ்பெர்மம், டாக்ரிடியம் மரங்கள் குள்ளமாகி முறுக்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு இதைவிடச் சிறந்த செர்பென்டைன் காடு இல்லை. ஆனால் தாளைச் சிவக்க வைக்கும் செடிகள் பெரும்பாலும் அங்கே இல்லை, கீழே இருக்கின்றன. ஓடை அறுத்துப் புதுப் பாறை வெளிப்படும் செங்குத்துச் சரிவுகளில் மண் இளமையானது, மெக்னீசியம் மிகுந்தது, பிஎச் நடுநிலைக்கு அருகில். அங்கே வேர் எடுக்கக்கூடிய நிக்கல் அதிகம். தாள் காட்டுவது இந்த வேறுபாட்டைத்தான், பாறையை அல்ல.

மண்ணை எப்படியாவது தாளில் பார்த்தே ஆக வேண்டும் என்றால்: 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் 10 கிராம், நீர்த்த அசிட்டிக் அமிலம் 20 மில்லி, அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். வடிநீரில் சிட்டிக்கை சிட்ரிக் அமிலம் போட்ட பிறகே அம்மோனியா சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கரைந்துவந்த இரும்பு பழுப்புச் சேறாகப் படிந்து நிறத்தை மூடிவிடும். இரும்பு (II) அயனியும் டி.எம்.ஜி.யோடு சிவக்கும் என்பதால், சந்தேகமான மங்கல் சிவப்பை ஆமாம் என்று எழுதாதீர்கள். நுண்ணூட்டப் பரிசோதனைக்கு ஆய்வகங்கள் பயன்படுத்தும் டி.டி.பி.ஏ. கரைசலின் மிச்சத்தைத் தாளில் சொட்டுவதும் வீண். டி.டி.பி.ஏ. நிக்கலை இறுக்கிப் பிடித்திருக்கும்; டி.எம்.ஜி.க்கு விட்டுக்கொடுக்காது. வறண்ட மாதிரியைச் சலிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், முடிந்தால் லேசாக ஈரப்படுத்துங்கள். செர்பென்டைன் குடும்பத்தில் கிரைசோடைல் என்ற கல்நார் இழையும் உண்டு.

மண்ணை அடையாளம் காண இதைவிட மலிவான பொருள் ஒரு காந்தம். பாறை செர்பென்டைனாக மாறும்போது மேக்னடைட் உண்டாகிறது. உலர்ந்த மண்ணுக்குள் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டும். இது குறிப்பு மட்டும்தான், முடிவு அல்ல. மற்ற கரும்பாறை மண்ணிலும் ஒட்டும். முடிவைச் சொல்வது கால்சியம், மெக்னீசியம் விகிதம். அதற்கு அம்மோனியம் அசிடேட் சாற்றில் இரண்டையும் அளந்து, சென்டிமோல் அலகில் கேளுங்கள். பிபிஎம்மில் (கிலோவுக்கு மி.கி.) தந்தால் கால்சியத்தை 200ஆலும் மெக்னீசியத்தை 121.5ஆலும் வகுக்கவும். கால்சியம் 400, மெக்னீசியம் 608 என்று வந்தால் 2க்கு 5, அதாவது 0.4. ஒன்றுக்குக் கீழே என்பது செர்பென்டைன் மண்ணின் முத்திரை. மரங்கள் குட்டையாவதில் நிக்கலைவிட இந்த விகிதத்துக்கும், கூடவே பாஸ்பரஸ், பொட்டாசியம் பஞ்சத்துக்கும், ஆழமில்லாத மேல்மண்ணுக்கும் பங்கு அதிகம் என்பதே எங்கள் கணிப்பு. குரோமியத்தைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு: அது பெரும்பாலும் குரோமைட் துகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது, தாளும் அதைக் காட்டாது.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியோடு ஒப்பிட்டால் தாள் எண் சொல்லாது. மாங்கனீசு, கோபால்ட், துத்தநாகம் சேர்க்கும் செடிகளைத் தவறவிடும். சண்டகானில் உள்ள வன ஆய்வு மையத்தின் உலர்தாவரச் சேகரிப்பை அலசியபோது எக்ஸ்.ஆர்.எஃப்.தான் பயன்பட்டது. ஆனால் அதன் விலை லட்சங்களில். அடைமழையில், ஏணி போன்ற சரிவில், ஒரு இலைத்துண்டை வைத்து அங்கேயே பதில் வேண்டுமென்றால் தாளை மிஞ்ச எதுவும் இல்லை. கினபாலு பூங்காவுக்குள் ஒரு துண்டு கிள்ளுவதற்கும் அனுமதி வேண்டும்.

மூலிகை சேகரிப்பவர்களுக்கும் இந்தத் தாளைப் பரிந்துரைக்கிறோம். இலங்கையின் தென்கரையில் உள்ள உஸ்ஸங்கொட செர்பென்டைன் வெளியில் ஓரிதழ் தாமரை 1,000 மி.கி. வரம்பைத் தாண்டி நிக்கல் சேர்ப்பது பதிவாகியிருக்கிறது. செர்பென்டைன் இருக்கும் பகுதியிலிருந்து வந்த சரக்கு என்றால், பொடியில் கொஞ்சம் எடுத்து நனைத்து, தாளில் அழுத்திப் பாருங்கள். சிவந்தால் அந்தச் சரக்கை மருந்துக்கு எடுக்காதீர்கள். சிவக்காவிட்டாலும் வரம்புக்குக் கீழே நிக்கல் இருக்கலாம். அதற்கு ஆய்வக அளவீடுதான் வழி.