மஞ்சக்குப்பம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்: ரெண்டு மாசம் போய்ட்டு வந்து எழுதறேன்

முதல்ல நான் ஏன் போய் சேர்ந்தேன்னு சொல்லிடறேன். கடலூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு ஹார்டுவேர் கடையில பில்லிங்ல இருக்கேன். ஆரோவில் பக்கத்துல இருந்து ஒரு வெள்ளைக்காரம்மா போன் பண்ணி டேப் தர்ட்டீன் வேணும்னாங்க, என் காதுல தர்ட்டின்னு விழுந்துச்சு, முப்பது டேப்பை கட்டி வண்டியில ஏத்திவிட்டுட்டேன், பதினேழு அப்படியே திரும்பி வந்துச்சு, வண்டி வாடகை என் சம்பளத்துல போச்சு. அன்னிக்கு ராத்திரியே கிளாஸ் எங்க இருக்குன்னு விசாரிச்சேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில நடக்குது, ராத்திரி ஏழுலேர்ந்து எட்டரை, ரெண்டு மாசத்துக்கு 3,500 ரூபா. பேரு போடல, குறையும் சொல்லப்போறேன்ல.

கிராமர் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. பத்தாங்கிளாஸ்ல படிச்ச அதே டென்ஸ் டேபிள், அதுவும் மங்கலான ஜெராக்ஸ், கீழயே ஜெராக்ஸ் கடைய வச்சுகிட்டு. ஃபேன் ஒண்ணுதான் ஓடுது, சீக்கிரம் போனா காத்து.

ஆனா சனிக்கிழமை சார் 'காது கிளாஸ்'னு ஒண்ணு வச்சிருக்காரு பாருங்க, குடுத்த காசு அதுக்கே சரியா போச்சு. நாம தப்பா கேட்ட இங்கிலீஷை வெக்கப்படாம எல்லார் முன்னாடியும் சொல்லணும். எங்க முதலாளி சப்ளையர்கிட்ட போன்ல 'டோன்ட் டேக் மீ ஃபார் கிராண்டட்'னு, அதாவது என்னை லேசா எடுத்துக்காதேன்னு கத்துவாரு, எனக்கு ரெண்டு வருஷமா அது 'ஃபார் கிரானைட்'தான். நம்ம கடையில டைல்ஸே கிடையாது, இந்த மனுஷன் எதுக்கு கிரானைட்டுக்கு மல்லுக்கட்றாருன்னு நெனச்சுகினு இருந்தேன்னு சொன்னதும் கிளாஸே சிரிச்சுது. சார் சிரிக்கல. இங்கிலீஷ்லயே பொறந்து வளர்ந்தவங்களும் இதை கிரானைட்னு கேட்டு கிரானைட்னே எழுதறாங்கப்பான்னாரு. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

அப்புறம் அவரே எடுத்து விட்டாரு. பழி சுமக்கற ஆளை 'ஸ்கேப்கோட்'னு சொல்லணும், அதை 'எஸ்கேப் கோட்'னு தப்பிச்சு ஓடற ஆடா ஆக்கிடறாங்களாம். 'டாம்ப் ஸ்க்விப்'னா நமுத்துப்போன பட்டாசு, நிறைய பேருக்கு அது 'டாம்ப் ஸ்க்விட்', அதாவது ஈரமான கணவா. ஓல்ட் டவுன் ஹார்பர்லேர்ந்து வர்ற தம்பி ஒருத்தன், கணவா ஈரமா இல்லாம வேற எப்படி சார் இருக்கும்னான். சார் சொன்னாரு, அதான் விஷயமே, தப்பா கேட்டாலும் ஒரு அர்த்தம் வந்து உக்காந்துக்குது பாரு, அதனாலதான் யாரும் திருத்திக்கறதில்ல. இந்த மாதிரி தப்புக்கு 'எக்கார்ன்'னு பேராம். ஓக் மரத்து கொட்டை ஏகார்ன், அதை ஒரு அம்மா முட்டைக்கு சொல்ற எக் போட்டு எக்கார்ன்னு எழுதினதை வச்சு 2003ல மொழியியல்காரங்க வச்ச பேரு. பாட்டு வரியை தப்பா கேட்டா அது 'மாண்டக்ரீன்'. சில்வியா ரைட்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், சின்ன வயசுல அவங்கம்மா படிச்ச ஸ்காட்லாந்து பாட்டுல 'லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்', கொன்ன பிரபுவை புல்தரையில கிடத்தினாங்கன்னு வர்றதை 'லேடி மாண்டக்ரீன்'னு யாரோ ஒரு சீமாட்டியும் சேர்ந்து செத்துட்டதா நெனச்சுகிட்டாங்களாம், 1954ல அதை கட்டுரையா எழுதி அந்த பேரையே வச்சிட்டாங்க.

என் டேப் கதைக்கும் வைத்தியம் கிடைச்சுது. தர்ட்டின்னா அழுத்தம் முன்னாடி விழும், தர்ட்டீன்னா பின்னாடி, கடைசி 'ன்' போன்ல அமுங்கிடும், அதனால ஒன் த்ரீயா த்ரீ ஜீரோவான்னு கேட்டுடு, அதுல ஒண்ணும் அசிங்கமில்லன்னாரு. இப்ப அப்படித்தான் கேக்கறேன், ஒரு டேப்பும் திரும்பி வரல.

மெடிக்கல் ஷாப் அக்கா ஒருத்தங்க, மாத்திரைக்கு சொல்ற பில்லும் காசு கட்ற பில்லும் என் வாயில ஒண்ணாவே வருது சார்னாங்க. தமிழ்ல அந்த ரெண்டு சத்தத்துக்கும் 'ப' ஒண்ணுதானே. வெள்ளைக்காரனும் யோக்கியமில்ல, கட்டுமரத்தை கேட்டமரான்னும் மிளகுத்தண்ணியை மல்லிகடானின்னும் ஆக்கினவன்தான், சார் இதை சொன்னப்ப அக்கா முகத்துல ஒரு சந்தோஷம் பாக்கணுமே.

குறைன்னா, கடைசி ரெண்டு வாரம் ஓட்டமா ஓட்டிட்டாங்க, பேச வைக்கறேன்னு சொன்ன இன்டர்வியூ பிராக்டிஸ் ஒரே நாள்ல முடிஞ்சுது. வண்டி நிறுத்த இடமில்ல. சனிக்கிழமை மட்டும் தனியா சேர முடியுமான்னு கேட்டேன், முடியாதாம்.

அப்புறம் சர்ட்டிஃபிகேட். ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன்ல இனிஷியல் கேட்டாங்க, பி-ன்னு சொன்னேன், பி-ன்னு அடிச்சுட்டாங்க. பாட்னா பி சொன்னேன், பாம்பே பி வந்திருக்கு. இங்க எழுதினாலும் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது, நான் என்ன பண்ணட்டும். மாத்தித் தர்றேன்னு சொல்லி மூணு வாரம் ஆகுது.