வெட்டின கேள்வி, வெட்டாத மைனஸ்: டிவி வினாடி வினாவுக்குப் போகிறவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஒரு டிவி வினாடி வினாவுக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். குடும்பமாக வரலாம், ஜெயித்தால் தங்கக் காசு என்று வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சேனல் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதைக் கேட்டு இன்பாக்ஸுக்கும் வராதீர்கள்.

எங்கள் அக்காவும் அக்கா மகளும் ஒரு அணி. மகள் காட்பாடி பக்கம் காலேஜில் படிக்கிறாள், பொது அறிவில் கெட்டிக்காரி. நான் துணைக்குப் போனவன். என் வேலை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது. சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் செட் போட்டிருந்தார்கள். வாசலிலேயே எல்லார் செல்போனையும் வாங்கிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு, அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். "எல்லாரும் போடுறதுதான் மேடம், ஃபார்மாலிட்டி" என்றார் அந்தத் தம்பி. நகல் கேட்டதற்கு மெயிலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

உள்ளே நடப்பது டிவியில் பார்ப்பது மாதிரி இருக்காது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல எபிசோடு எடுக்கிறார்கள். கைதட்டலைத் தனியாக எடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டியாளர்களை உட்காரவைத்து, "பதில் தெரியாத மாதிரி பாருங்க, இப்போ சந்தோஷமா பாருங்க" என்று முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். இதெல்லாம் ஏமாற்று இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு உறுத்தியது மதிப்பெண் போட்ட விதம். ஒரு பையன் லேப்டாப்பில் அடிப்பான், அது பின்னால் இருக்கிற பெரிய திரையில் வரும். மணி அடிக்கிற சத்தமும் அவன் கையில்தான். நடுநடுவே டீ சொல்லிவிட்டு வரவும் அவனைத்தான் அனுப்பினார்கள். நடுவர் என்று தனியாக யாரும் இல்லை. கேள்வி கேட்கிறவர் கையில் இருக்கிற கார்டுதான் நடுவர்.

சரியான பதிலுக்கு 10, தப்பானால் மைனஸ் 5. ஒரு அணி தப்பாகச் சொன்னால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அவர்களுக்குப் போனஸ் 5. முதல் இரண்டு சுற்றும் நன்றாகவே போனது. எல்லாம் நம் ஊர்க் கேள்விகள். கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாள் எது? 1806 ஜூலை 10. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் சாமி திரும்பி வந்தது எந்த வருஷம்? 1981 என்று அக்கா பஸ்ஸரை அமுக்கின கையோடு சொன்னாள். 'சாமி இல்லாத கோயில்' என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

மூன்றாவது சுற்று தொடங்கும்போது இரண்டு அணியும் 70. அப்போது வந்தது அந்தக் கேள்வி: காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அக்கா மகள் யோசிக்கவே இல்லை, "திருப்பத்தூர்" என்றாள். கார்டில் வேலூர் என்று இருந்திருக்கிறது. தப்பு என்றார் கேட்டவர். எதிர் அணி "வேலூர்" என்றது. மணி அடித்தது. எங்களுக்கு 65, அவர்களுக்கு 75.

அவள் மைக்கிலேயே சொன்னாள், "சார், 2019-ல மாவட்டத்த மூணா பிரிச்சிட்டாங்க. காவலூர் ஆலங்காயம் பக்கம், இப்போ திருப்பத்தூர் மாவட்டம்" என்று. அரங்கத்தில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினோம். வாணியம்பாடிக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "எங்க ஊரு எந்த மாவட்டம்னு எங்களுக்குத் தெரியாதா" என்றே கேட்டார். பழைய புத்தகத்தைப் பார்த்துக் கார்டு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போதே திருத்தியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் தயாரிப்பாளர் மாதிரி இருந்த ஒருவர் வந்து, "நேரமாகுது, எடிட்டில் சரி பண்ணிடறோம்" என்றார். கடைசியில் எதிர் அணிக்கு 90, அக்கா அணிக்கு 85.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பதிலுக்கு முறையாக மதிப்பெண் கொடுத்திருந்தால் மைனஸ் 5 போய், பிளஸ் 10 வந்து, அக்கா அணி 100. போனஸ் 5 கழிந்து அவர்கள் 85. முடிவே தலைகீழ்.

சரி, எடிட்டில் என்ன செய்தார்கள்? அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டார்கள். மதிப்பெண்ணைத் தொடவில்லை! ஒளிபரப்பில் எங்கள் அணி 70-ல் இருக்கிறது, விளம்பர இடைவேளை வருகிறது, திரும்பி வரும்போது 65. எதனால் குறைந்தது என்று டிவி பார்த்த யாருக்கும் தெரியாது. வெட்டின இடத்தை ஒட்டுவதற்கு அக்கா மகளின் முகத்தை ஒரு நொடி போட்டிருக்கிறார்கள். அதை அவள்தான் முதலில் பிடித்தாள். "மாமா, என் பூவப் பாருங்க" என்றாள். காலையில் வைத்த மல்லி முந்தைய காட்சியில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அந்த ஒரு நொடியில் மட்டும் பழுப்பேறித் தொங்குகிறது. அடுத்த காட்சியில் மறுபடி வெள்ளை. சாப்பாட்டுக்கு அப்புறம் "ஏமாந்த மாதிரி பாருங்க" என்று சொல்லி எடுத்த முகம் அது.

இதைத் திட்டமிட்ட மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1950-களில் 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்து ஆளை ஜெயிக்கவைத்தார்கள். விவகாரம் அங்கே நாடாளுமன்ற விசாரணை வரை போய், 1960-ல் அதைக் குற்றம் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். நம் கதை அப்படி இல்லை. இது முதலில் அசட்டை, அப்புறம் பூசி மெழுகல். எனக்கு இரண்டாவதுதான் ஆத்திரம். ஏனென்றால் தப்பு எங்கேயும் நடக்கிறது. இங்கிலாந்தின் கோடீஸ்வரன் நிகழ்ச்சியில் 1999-ல், டென்னிஸில் ஒரு செட்டை ஜெயிக்கக் குறைந்தது எத்தனை தடவை பந்தை அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 24 என்றவருக்குச் சரி என்று போட்டுவிட்டார்கள். எதிராளி தன் சர்வீஸ் எல்லாவற்றையும் டபுள் ஃபால்ட் செய்தால், அதாவது இரண்டு தடவையும் சர்வீஸைத் தப்பாகப் போட்டுத் தானே புள்ளியை இழந்தால், 12 போதும். நிகழ்ச்சிக்காரர்களின் தப்புக்குப் போட்டியாளரைத் தண்டிக்காமல் பணத்தை அவரிடமே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் 'ஜெபர்டி'யில் பதில்களைச் சரிபார்க்கத் தனி ஆட்கள் உண்டு. தப்பான தீர்ப்பு முடிவைப் பாதித்திருந்தால் அந்தப் போட்டியாளரை இன்னொரு நாள் கூப்பிட்டு ஆடவைக்கிறார்கள். இங்கே நாங்கள் போன் போட்டபோது கிடைத்த பதில்: "ஒளிபரப்பானதுதான் ஃபைனல், நீங்க சைன் பண்ணிருக்கீங்க." எடுத்த முழுப் பதிவைக் கேட்டோம், அழித்தாயிற்றாம். ஆறுதல் பரிசாக ஒரு ஜவுளிக்கடை வவுச்சர் வந்தது. 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 தள்ளுபடி.

போகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையெழுத்துப் போடும் தாளை, போனைக் கூடையில் போடுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் யார் தீர்ப்புச் சொல்வார் என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். தப்பாக மதிப்பெண் போட்டால் அடுத்த கேள்விக்குப் போக விடாதீர்கள், 'எடிட்டில் பார்த்துக்கலாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒவ்வொரு சுற்றின் மதிப்பெண்ணையும் கூட வந்தவர் ஒரு தாளில் எழுதி, கிளம்பும் முன் அவர்கள் ஆள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கட்டும். தயங்கினால் அதிலேயே புரிந்துவிடும். நிகழ்ச்சி வரும்போது வீட்டில் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஒளிபரப்பானதைச் சாட்டிலைட் சேனல்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அது ஒளிபரப்பான வடிவத்துக்குத்தான். வெட்டி எறிந்த காட்சிக்கு அந்த விதியும் துணைக்கு வராது.

புகாரைப் போனில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி சேனல் 15 நாளுக்குள் புகாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதற்கு மேலே சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். நாங்கள் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். சீட்டு கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது, பதில் வரவில்லை, கெடுவும் தாண்டிவிட்டது. மேல்முறையீட்டுக் கடிதத்தை அக்கா மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதே மாதிரி வேறு யாருக்காவது அந்த நிகழ்ச்சியில் நடந்திருந்தால் எபிசோடு வந்த தேதியோடு கமென்டில் போடுங்கள், சேர்த்தே அனுப்பிவிடலாம்.