6 கோர், 12 இழை: இரண்டு கணினிகளோடு சில வருடங்கள்

பினாங்கில் கணினிக் கடைக்குப் போனால் விலைச் சீட்டில் முதலில் கண்ணைப் பறிப்பது பெரிய எண்தான். 12 திரெட் என்று தடித்த எழுத்தில் இருக்கும். 6 கோர் என்பது அதன் கீழே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். செயலிக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதியான கோரும், அதில் ஓடும் வேலைத்தொடரான திரெட் எனப்படும் இழையும் ஒன்றல்ல என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை, கேட்டால் ஒழிய.

ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் சிறிய வீடியோக் கூடத்தில் இதை உரசிப் பார்க்கத் தோதான இரண்டு கணினிகள் பல வருடங்களாக அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் ஏ.எம்.டி. ரைசன் 5 3600 செயலி: 6 கோர், 12 இழை. மற்றதில் இன்டெல் ஐ7 9700: 8 கோர், 8 இழை, ஹைப்பர்திரெடிங் (ஒரே கோரில் இரண்டு இழைகளை ஓட்டும் இன்டெலின் முறை) கிடையாது. திருமண வீடியோ, கும்பாபிஷேகம், தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் எடுத்த மணிக்கணக்கான பதிவுகள் எல்லாவற்றையும் இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோரில் இரண்டு இழைகள் ஓடும்போது கணக்கிடும் அலகுகள் இரண்டாகிவிடுவதில்லை. கோருக்குள் இருக்கும் சிறிய அதிவேக நினைவகமான எல்1, எல்2 கேஷும் அதேதான். எந்தக் கட்டளை வரை வந்தோம், கையில் என்ன மதிப்புகள் இருக்கின்றன என்று குறித்துவைக்கும் பதிவேடுகள்தாம் ஒவ்வோர் இழைக்கும் தனியாகக் கிடைக்கின்றன. 2002இல் இன்டெல் தன் ஜியான் செயலிகளில் இதைக் கொண்டுவந்தபோது சிப்பின் பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியது என்று அந்த நிறுவனமே சொன்னது. ஐந்து சதவீத இடத்தில் இன்னொரு கோர் எப்படி முளைக்கும்?

ஆனாலும் பயன் இருக்கிறது. கேஷில் இல்லாத தரவு கணினியின் முதன்மை நினைவகமான ராமிலிருந்து வந்து சேர்வதற்குள் கோரின் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் வீணாகின்றன. அந்த இடைவெளியில் மற்ற இழை புகுந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரொட்டி சானாய்க் கடையில் ஒரே கல்லுக்கு இரண்டு பேரை நிறுத்துவது போல. ஒருவர் மாவை வீசிக்கொண்டிருக்கையில் மற்றவர் கல்லில் போட்டு எடுப்பார். இருவர் மாவும் ஒரே நேரத்தில் தயாராகிவிட்டால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். கூடுதல் கோர் என்றால் இன்னொரு கல்.

சந்தேகப்படுபவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஒரு நிரலை எந்தெந்த இழைகளில் மட்டும் ஓடவிடலாம் என்று கட்டிப்போடும் வசதி இருக்கிறது. எங்கள் ரைசனில் 0, 1 எனக் குறிக்கப்பட்டவை ஒரே கோரின் இரட்டையர். 2 அடுத்த கோருக்கு உரியது. ஒற்றை இழையில் ஓடும் இரண்டு கனமான வேலைகளை 0, 2 என்று பிரித்துக் கட்டினால், ஒன்று ஓடுவது மற்றொன்றுக்குத் தெரியவே தெரியாது. அவற்றையே 0, 1 என்று கட்டினால் இரண்டும் கண்கூடாகத் தளர்கின்றன. இயங்குதளமும் இதை அறிந்தே முதலில் காலியான கோர்களைத் தேடி வேலை கொடுக்கிறது. எல்லாம் நிரம்பிய பிறகுதான் இரட்டையரைத் தொடுகிறது.

தினசரி வேலையில் எவ்வளவு லாபம்? ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியில்லாமல் எக்ஸ்264 முறையில் சுருக்கும்போது, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் எஸ்.எம்.டி.யை (ஹைப்பர்திரெடிங் போன்ற அதே முறைக்கு ஏ.எம்.டி. சொல்லும் பெயர்) அணைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் கோப்பு, அதை இயக்கினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு இது நல்ல வரவுதான். இழை இரட்டித்ததால் நேரம் பாதியாகும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்.

இங்கேதான் டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதம் ஆளைக் கவிழ்க்கிறது. ரைசனில் ஆறு கனமான இழைகள் ஓடினால் அது 50 சதவீதம் என்று காட்டும். பாதி பலம் மிச்சமிருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆறு கோர்களும் அப்போதே கைநிறைய வேலையோடு இருக்கின்றன. எங்கள் வேலையில் எஸ்.எம்.டி. தரும் கூடுதல் கால்பங்குதான் என்பதால், திரையில் 50 என்றிருக்கும்போது செயலி தன் முழுத் திறனில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஐ7இல் இந்தக் குழப்பம் இல்லை. 50 என்றால் கிட்டத்தட்ட 50தான். "பாதிதானே ஓடுகிறது, அண்ணே, இன்னொரு கோப்பையும் போட்டுவிடட்டுமா?" என்று தம்பி ரைசன் முன்னால் உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.

நாதஸ்வரம், தவில் பதிவில் கதை வேறு. ஒலியை நேரடியாகக் கேட்டபடி பதியும்போது ஒவ்வொரு துண்டும் சில மில்லி விநாடிகளுக்குள் கணக்காகி வந்துவிட வேண்டும். சுமை ஏறிய நேரத்தில் ஒலிக்கான இழை பக்கத்து இழையோடு கோரைப் பங்கிட நேர்ந்தால் தாமதம் தட்டும்; காதில் படபடவென்று கேட்கும். அதனால் ஒலிப்பதிவை ஐ7 பக்கமே வைத்திருக்கிறோம். இன்னொன்று ராம். நூற்றுக்கணக்கான படங்களை ஒரே நேரத்தில் மாற்றும் மென்பொருள் இழைக்கு ஒன்றாக 12 வேலைகளைத் திறக்கிறது. 16 ஜிபி அதற்குப் போதவில்லை. எண்ணிக்கையை 8 ஆகக் குறைத்ததும் வேலை சீக்கிரமே முடிகிறது.

மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் சுருக்கும் வேலையில் கிட்டத்தட்ட சமம். இதை வைத்து 12 இழை 8 கோருக்கு ஈடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கோர்களின் வடிவமைப்பும் வேகமும் கேஷும் வேறு வேறு. எடிட்டிங்கில் ஐ7 வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணமும் கோர் அல்ல, வீடியோவை விரித்துக் காட்டவென்றே அதனுள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி.

பாதுகாப்புப் பேச்சும் உண்டு. ஒரே கோரைப் பகிரும் இழைகள் வழியாகத் தரவு கசியலாம் என்பதால் ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் 2018இல் ஹைப்பர்திரெடிங்கை அணைத்தது. பல வாடிக்கையாளர்கள் பகிரும் சர்வர்களுக்கு அது பெரிய கவலை. கல்யாண வீடியோ எடுக்கும் எங்களுக்கு அவ்வளவு இல்லை.

1972 முதல் பினாங்கில் ஆலை வைத்திருக்கும் இன்டெல், 2024 அக்டோபரில் வந்த மேசைக் கணினிக்கான கோர் அல்ட்ரா 200 வரிசையில் ஹைப்பர்திரெடிங்கையே விட்டுவிட்டது. அதன் உச்ச மாடலில் 24 கோர், 24 இழை. கோர்களில் 8 பெரியவை, 16 சிறியவை. ஏ.எம்.டி. இன்னும் எஸ்.எம்.டி.யைக் கைவிடவில்லை. ரைசனுக்குப் பதிலாக அடுத்து வாங்கப்போவது 8 கோர், 16 இழை உள்ள ஒன்று. 16க்காக அல்ல, 8க்காக. கூடவே 64 ஜிபி ராமுக்கும் வெள்ளியை ஒதுக்கி வைக்கிறோம்.