கங்காரு பராமரிப்புத் துணிகள்: மூன்று வகை, ஒரு மதிப்பீடு

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கத் தொடங்கினார். இதுதான் கங்காரு பராமரிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை, இந்தப் பராமரிப்பை நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை தரச் சொல்கிறது. அவ்வளவு நேரம் வெறும் கையால் தாங்க யாராலும் முடியாது. கை கடுக்க ஆரம்பித்தால் பெற்றோர் அரை மணியில் குழந்தையை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே துணி சின்ன விஷயமல்ல. அம்மாவும் அப்பாவும் வார்டில் பராமரிப்பவர்களாக இருப்பார்களா, பார்வையாளர்களாகவே நின்றுவிடுவார்களா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எந்தத் துணியானாலும் குழந்தை இருக்க வேண்டிய நிலை ஒன்றுதான். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நிமிர்ந்திருக்க வேண்டும். கைகால்கள் தவளைபோல மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, மோவாய் லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். துணியின் மேல் விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே, கீழ் விளிம்பு புட்டத்துக்குக் கீழே. இறுக்கம் குழந்தையின் நெஞ்சுப் பக்கத்தில் மட்டும் போதும். வயிற்றை இறுக்கக் கூடாது; இந்தக் குழந்தைகள் வயிற்றை அசைத்துத்தான் மூச்சு விடுகிறார்கள்.

துணி தளர்ந்தால் குழந்தை கீழே சரியும், மோவாய் நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை மடங்கும். கழுத்துக்கு வலு இல்லாததால் தலையைத் தானாகத் தூக்கிக்கொள்ளவும் முடியாது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கும். இதயத் துடிப்பும் குறையலாம். உடனே மோவாயைத் தூக்கிவிட்டு, நர்ஸைக் கூப்பிட வேண்டும். இதைப் பெற்றோருக்கு முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். கையடக்கக் கண்ணாடி ஒன்றும் கொடுங்கள். நெஞ்சில் இருக்கும் குழந்தையின் முகமும் உதட்டு நிறமும் அதில்தான் நன்றாகத் தெரியும்.

முதல் வகை, முடிச்சுப் போடும் பருத்தித் துணி. சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்காக மடித்துக் கட்டினாலே போதும். எந்த உடல்வாகுக்கும் பொருந்தும், அப்பாவுக்கும் சரியாக இருக்கும், வெந்நீரில் எத்தனை முறை துவைத்தாலும் தாங்கும். ஆனால் கட்டப் பழக வேண்டும். தனியாகக் கட்டுவது முதல் சில நாளுக்கு நடக்காத காரியம். முடிச்சு முதுகெலும்பின்மேல் விழுந்தால் சாய்ந்து உட்கார முடியாது, பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே வர வேண்டும்.

இரண்டாவது, எலாஸ்டிக் குழாய் வகை. பெற்றோருக்கு மிகவும் பிடிப்பது இதுதான், கட்டத் தெரிய வேண்டியதில்லை. முதலில் இடுப்பில் போட்டுக்கொண்டு, குழந்தையை நெஞ்சில் வைத்த பிறகு மேலே இழுத்துவிட வேண்டும். குழந்தையை மேலிருந்து உள்ளே நுழைக்க முயன்றால் அதற்குப் பொருத்தியுள்ள மருத்துவக் குழாய்கள் சிக்கும். அளவு பெரிதாகப் போனால் குழந்தை சரியும், சிறிதானால் வயிறு அழுந்தும். மூன்று அளவாவது இல்லாத வார்டில் இது வேண்டாம். வெந்நீரில் துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் நைந்துவிடும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், பிடிமானம் போயிருக்கும்.

மூன்றாவது, முன்னால் திறக்கும் வெல்க்ரோ வகை. சிபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுக்கு உதவும் கருவி), ரத்தக்குழாயில் பொருத்திய ஊசி எல்லாம் உள்ள குழந்தைக்கு எங்கள் தேர்வு இது. அவசரமென்றால் ஒரே இழுப்பில் திறக்கலாம், பால் பீச்ச ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தலாம். குறை, பிரிக்கும்போது வரும் அந்தக் கரகர சத்தம். குழந்தையின் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும், குழந்தை துள்ளிவிடும். மெதுவாக, கையால் அழுத்திப் பிடித்தபடி பிரிக்க வேண்டும். வெல்க்ரோவில் பஞ்சு சேர்ந்தால் பிடிக்காது; துவைப்பதற்கு முன் ஒட்டி மூடிவிடுங்கள்.

இப்படி மருத்துவக் குழாய் உள்ள குழந்தையைப் படுக்கையிலிருந்து பெற்றோரின் நெஞ்சுக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையை, மற்றவர் குழாய்களை. தூக்குவதற்கு முன் சிபாப் குழாயில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாய்க்கும்போது அது மூக்குக்குள் போகும். குழாயைப் பெற்றோரின் தோளில் ஒட்ட வேண்டும். துணியில் ஒட்டினால், துணி நகரும்போது குழாயும் இழுபடும். இத்தனை சிரமப்பட்டு மாற்றிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் இறக்குவது குழந்தைக்கு அலைச்சல் மட்டுமே. உட்காரும் முன்பே பெற்றோர் சாப்பிட்டு, கழிப்பறை போய்வந்து, முழங்கை வரை கை கழுவிவிட வேண்டும். அன்று வாசனைத் திரவியம் வேண்டாம்.

சாயும் நாற்காலி இல்லாமல் இந்த மூன்றில் எதை வாங்கியும் பயனில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

குழந்தைக்குக் குறைந்தது இரண்டு துணியாவது இருக்க வேண்டும், பால் கக்கினால் மாற்ற. ஒரு குழந்தையின் துணியைத் துவைக்காமல் இன்னொரு குழந்தைக்குத் தரவே கூடாது. மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு துணியை நான்கைந்து முறை வெந்நீரில் துவைத்துவிட்டு, ஒன்றரைக் கிலோ எடையுள்ள பொம்மையை வைத்துக் கட்டி, நாற்காலியில் சாய்ந்து எழுந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பொம்மையின் காது துணிக்குள் போய்விட்டால் அதை வாங்க வேண்டாம்.