கதிர் இல்லாத ‘மக்காச்சோள சைலேஜ்’: லோடு இறக்கும் முன் பாருங்கள்

கதிரோடு வெட்டிய மக்காச்சோள சைலேஜ் (பயிரை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த மாட்டுத் தீவனம்) என்று விலை பேசி வாங்கினோம். பண்ணைக்கு வந்ததோ கதிர் ஒடித்துவிட்டு மிஞ்சிய காய்ந்த தட்டை. தண்ணீர் அடித்து, நறுக்கி, பேலாக, அதாவது இறுக்கிய கட்டாகக் கட்டியிருக்கிறார்கள்.

தட்டையில் சைலேஜ் போடுவது தப்பே இல்லை. தட்டை என்று சொல்லி, தட்டை விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். மணி பாதிக்கு மேல் மாவு கட்டிய பருவத்தில் வெட்டிய பயிரில் உலர்பொருள் (தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவது) 30 முதல் 35 சதவீதம் இருக்கும். அதில் கால் பங்கு அளவுக்கு மாவுச்சத்து. ஒடித்த தட்டையில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். சர்க்கரையும் குறைவு என்பதால், வெல்லப்பாகு சேர்க்காவிட்டால் புளிப்பு சரியாக ஏறாது. வெற்றுத் தண்டுக்குள் காற்றும் தங்கும். நறுக்கு 2 செ.மீ.க்கு மேல் போனால் எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் காற்று வெளியேறாது, பூஞ்சணம் பிடிக்கும். எங்களுக்கு வந்தது விரல் நீளத் துண்டுகள்.

காய்ந்த தட்டை 100 கிலோவுக்குச் சரியான ஈரம் வர ஏறக்குறைய 140 லிட்டர் தண்ணீர் விட வேண்டும். நேர்மையாகப் போடுகிறவரும் விடத்தான் செய்வார். ஆனால் எடை மேடையில் அந்தத் தண்ணீருக்கும் காசு போகிறது. கிலோ 8 ரூபாய் என்றால், உலர்பொருள் 32 சதவீதமுள்ள சரக்கில் ஒரு கிலோ உலர்பொருள் 25 ரூபாய். 22 சதவீதமாக இருந்தால் 36 ரூபாய்க்கு மேல்.

பணம் கொடுக்கும் முன் ஒரு பேலைப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘பிரித்தால் கெட்டுவிடும்’ என்று மறுத்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தட்டை மிதக்கும், மணி அடியில் தங்கும். அடியில் ஒன்றுமில்லையா, விஷயம் முடிந்தது. கையில் இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 4-ஐ ஒட்டி வர வேண்டும். 5-ஐத் தாண்டினால், அழுகின வெண்ணெய் நாற்றம் அடித்தால், வாங்காதீர்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் யூரியா கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். அசைபோடப் பழகாத கன்றுக்கு யூரியா கலந்ததைப் போடக் கூடாது.

பூஞ்சணம் பிடித்ததைக் கறவை மாட்டுக்கு வேண்டாம் என்று ஆட்டுக்குப் போடுவது இன்னும் மோசம். கெட்ட சைலேஜிலிருந்து வரும் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஆடுகளைத்தான் அதிகம் தாக்கும்: தலை சாய்த்து வட்டமடிக்கும், சினை கலையும். எங்கள் பேல்களில் பாதிக்கு மேல் எருக்குழிக்குப் போனது. வியாபாரி சொன்ன பதில், ‘மாடு போகப் போகப் பழகிக்கும்.’