டைரி, வலைப்பூ, பேஸ்புக்: எது முதலில் நிற்கிறது?

நின்றுபோன தமிழ் வலைப்பூக்களில் பலவற்றின் கடைசி இடுகை ஒரே மாதிரி இருக்கும். "எழுதி ரொம்ப நாளாச்சு. வேலைப்பளு. இனி அடிக்கடி வருவேன்." அதற்கு மேல் எதுவும் இருக்காது. என்னுடையதும் அப்படித்தான், 2012 மார்ச்சோடு நிற்கிறது. நானும் வேலைப்பளு என்றுதான் எழுதினேன். பச்சைப் பொய். அதே மாதம் பேஸ்புக்கில் தினமும் இரண்டு நிலைத்தகவல் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேரம் இருந்திருக்கிறது. பிறகு ஏன் நின்றது?

டைரியில் புதிர் ஒன்றும் இல்லை. ஜனவரி முதல் வாரம் பக்கம் நிரம்பி வழியும், பொங்கல் தாண்டினால் வெறும் தேதி, அப்புறம் பால் கணக்கு. ஏன் எழுதவில்லை என்று கேட்க ஆளில்லை. அதனாலேயே ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் தொடங்கக் கூச்சமும் இல்லை.

வலைப்பூவின் கதை வேறு. தமிழில் அது 2003 வாக்கில் சூடு பிடித்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை என்ற மென்பொருளை நிறுவி யுனிகோடில் தட்டப் பழகியவர்கள் எழுத வந்தார்கள். 2004-ல் வலைப்பூக்களின் புது இடுகைகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி வந்ததும் ஒரு தெருவே உருவானது. நீங்கள் எழுதியது திரட்டியின் முகப்பில் ஏறும், நாலு பேர் வருவார்கள், பின்னூட்டம் விழும். பின்னூட்டம் விழுந்த இடுகை மறுபடி கண்ணில் படும். அதற்காகவே தன் இடுகைக்குத் தானே மறுமொழி போட்டு மேலே தள்ளுவதும் நடந்தது. அதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயர் வைத்துச் சிரித்தோம், செய்யவும் செய்தோம். தமிழ்மணத்தில் வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக்கி தினமும் எழுதவைத்தார்கள். பலருக்கு வாழ்க்கையிலேயே அதிகம் எழுதிய வாரம் அதுதான்.

பேஸ்புக் வந்து முதலில் எடுத்துக்கொண்டது சின்ன விஷயங்களை. பஸ்ஸில் கேட்ட பேச்சு, புது ஹோட்டலின் மோசமான சாம்பார், மழை. எல்லாம் அங்கே போயின. போனிலேயே எழுதலாம், ஐந்து நிமிடத்தில் இருபது விருப்பக்குறி. வலைப்பூவில் என்ன மிச்சம்? 'நல்லா எழுத வேண்டிய' பெரிய கட்டுரைகள் மட்டும். தினசரிக் கிறுக்கலில்தான் கை பழகும். அது நின்றதும் பெரிய கட்டுரையும் வரவில்லை. வரைவுப் பெட்டியில் பாதி எழுதியவை பதினேழு கிடக்கின்றன. 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடரையும் மூடிவிட்டார்கள். புது இடுகை வந்ததை வாசகருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மணியும் நின்றது.

அப்படியானால் பேஸ்புக்கே போதுமா? எழுத வைப்பதில் அதை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். தேடிப் பார்த்தால்தான் வலி தெரியும். 2008-ல் வலைப்பூவில் எழுதிய அம்மாவின் வத்தக்குழம்புப் பக்குவம் பத்து நொடியில் கிடைக்கிறது. 2014-ல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேஸ்புக்கில் நாள்தோறும் எழுதியதை ஒரு மாலை முழுக்கத் தேடினேன். மூன்றுதான் அகப்பட்டன. அதுவும் 'நினைவுகள்' என்று அந்த நிறுவனமே தன் இஷ்டத்துக்குக் காட்டியவை. பேஸ்புக் மாதிரியே கூகுள் நடத்திய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியபோது அங்கே எழுதியவையும் அழிந்தன. என் வலைப்பூ இருக்கும் பிளாகர் தளமும் அதே கூகுளுடையதுதான், நாளை என்ன ஆகும் என்று யார் கண்டது. ஆனால் மொத்த வலைப்பூவையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், வேர்ட்பிரஸ் என்ற வேறொரு வலைப்பூத் தளத்தில் ஏற்றலாம்.

என் ஓட்டு வலைப்பூவுக்கே, ஆனால் பழைய தோரணையில் இல்லை. தலைப்பு யோசிக்கக்கூடாது, படம் தேடக்கூடாது, எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கக்கூடாது. டைரி மாதிரி எழுத வேண்டும். போன வாரம் மாடித் தொட்டி வழிந்ததைப் பற்றி நாலு வரி போட்டேன். பல வருஷத்துக்குப் பிறகு முதல் இடுகை. மறுநாள் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கடன் தருகிறோம் என்று விளம்பரம். அழிக்க மனசு வரவில்லை, ஒருநாள் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.