சோதித்தது ஒரு லென்ஸ், கட்டிக் கொடுத்தது வேறு லென்ஸ்: பழைய டெலிஃபோட்டோ ஜூம் வாங்குவோர் கவனத்திற்கு

பறவைப் படம் எடுப்பதற்காகப் பழைய டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள், சென்னையில் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவது நல்லது. என் கேமராவில் பொருத்திச் சோதித்துப் பார்த்துப் பிடித்துப்போய் நான் விலை பேசியது ஒரு லென்ஸ். பணம் கட்டிய பின் பெட்டிக்குள் வைத்து ஒட்டி என்னிடம் கொடுக்கப்பட்டதோ, அதே மாடலைச் சேர்ந்த, உள்ளே பூஞ்சை பிடித்த, யாரோ பிரித்துவிட்டுச் சரியாகப் பூட்டாத இன்னொரு லென்ஸ். புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தந்திரம் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை என்பதால், அது எப்படி நடந்தது, எப்படி வெளிப்பட்டது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7500 கேமரா. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளை எடுக்க என்னிடம் இருந்த 70-300 மி.மீ. ஜூம் லென்ஸின் நீளம் போதவில்லை. சிக்மா, டாம்ரான் ஆகிய இரண்டு நிறுவனங்களின் 150-600 லென்ஸ்களையும் பார்த்தேன். அவை நல்ல லென்ஸ்கள்தான்; ஆனால் 600 மி.மீட்டரில் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 6.3 ஆகச் சுருங்கிவிடும் (எண் கூடினால் துளை சிறிது). நிக்கான் 2015-இல் வெளியிட்ட 200-500 லென்ஸில் முழு நீளத்திலும் எஃப் 5.6 கிடைக்கிறது, டி7500 போன்ற சிறு சென்சார் கேமராவில் அதன் 500 மி.மீ., 750 மி.மீட்டருக்கு இணையான காட்சிக் கோணத்தைத் தருகிறது, விலையும் அந்த நீளத்திற்கு நியாயமானது என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். டிரைபாட் காலரோடு (முக்காலியில் பொருத்துவதற்கான வளையம்) 2.3 கிலோ எடை. முன்பக்க ஃபில்டர் 95 மி.மீ. அளவு. இதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதன் அப்பர்ச்சர் மின்காந்தத்தால் இயங்குவது என்பதால் டி90, டி80, டி3000 போன்ற பழைய பாடிகளில் (கேமரா உடல்களில்) இது சரியாக இயங்காது. பழைய பாடி வைத்திருப்பவருக்கு இந்த விவரத்தைச் சொல்லாமலேயே விற்றுவிடும் கடைகள் உண்டு.

நான் போன கடையில் அந்த லென்ஸ் கண்ணாடி அலமாரியில் நின்றிருந்தது. விலை 62,000 ரூபாய் சொன்னார்கள். என் கேமராவில் பொருத்தி, கடை வாசலுக்கு வந்து, எதிர்ச்சாரியில் தூரத்தில் இருந்த ஒரு கட்டடத்தின் ஜன்னல் கம்பிகளை 500 மி.மீட்டரில், எஃப் 5.6-இல் எடுத்துப் பார்த்தேன். திரையில் பெரிதாக்கியபோது நான்கு மூலைகளும் தெளிவாக இருந்தன. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் வியூஃபைண்டரில் துள்ளிக்கொண்டிருந்த காட்சி நின்றது, லென்ஸின் நடுக்கத் தடுப்பு வசதியான வி.ஆர். வேலை செய்கிறது என்று பொருள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டொரு தூசி தவிர எதுவும் இல்லை. ஜூம் வளையத்தின் ரப்பர் லேசாகத் தளர்ந்திருந்ததால், அது கவலைப்பட வேண்டிய விஷயமா என்று பல ஆண்டுகளாகப் பறவைப் படம் எடுத்துவரும் நண்பர் ஒருவரைக் கேட்பதற்காகக் கைப்பேசியில் லென்ஸைச் சுற்றிலும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அந்தப் படங்களுள் ஒன்றில் லென்ஸின் வரிசை எண் தெளிவாகப் பதிந்திருந்தது. இன்று என் வழக்குக்கு முதுகெலும்பு அந்தப் படம்தான்.

யுபிஐ மூலம் பணம் போனதும், "சார், கண்ணாடியெல்லாம் சுத்தம் பண்ணி, பெட்டியில வெச்சு நல்லா பேக் பண்ணித் தர்றோம், ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்று சொல்லிக் கடை ஊழியர் லென்ஸை உள்ளறைக்கு எடுத்துச் சென்றார். உரிமையாளர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, இந்த சீசனுக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று அன்பாகவே விசாரித்துக்கொண்டிருந்தார். குமிழி உறை சுற்றி, பெட்டியில் வைத்து, பழுப்பு டேப் நாற்புறமும் ஒட்டி வந்தது. பில்லில் மாடல் பெயரும் தொகையும் "பயன்படுத்தியது" என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. வரிசை எண்ணையும் எழுதச் சொன்னேன். பழைய பொருளுக்கு அதெல்லாம் போடும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பிரித்தபோது ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் ஒளிமறைப்பு), முன்மூடி, பின்மூடி என எல்லாமே கடையில் பார்த்தவைதான். ஹூட்டின் ஓரத்தில் இருந்த கீறல்கூட அப்படியே இருந்தது. அதாவது, துணைப்பொருள்களை மாற்றாமல் லென்ஸை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதை அவர்கள் முதல்முறையாகச் செய்யவில்லை என்று நான் நினைப்பதற்கு அந்தக் கவனமே காரணம்.

வேடந்தாங்கலில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. நடுவில் இருந்த கூழைக்கடா ஓரளவு தெளிவாக இருந்தது. சட்டகத்தின் இடப்பக்கம் அதே மரத்தில், அதே தொலைவில் நின்ற கரண்டிவாயனின் அலகோ, விளிம்பு இரண்டாகப் பிரிந்ததுபோல் இழுபட்டிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தவற்றில் முழுப் படத்தின் மீதும் பால் ஊற்றியதுபோல் வெளிறல். அப்பர்ச்சரை எஃப் 11-க்குச் சுருக்கி எடுத்த படங்களில் இடப்பக்கம் கொஞ்சம் தேறியிருந்தது. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ இருந்தால் இப்படித்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் ஃபோகஸ் தவறும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் குறை பாதி மறையும்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, மொட்டைமாடியில் டிரைபாடில் வைத்து, வி.ஆரை அணைத்து, தூரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் தட்டையான சுவரை 500 மி.மீட்டரில் எஃப் 5.6-இல் எடுத்தேன். பிறகு டிரைபாட் காலரைத் தளர்த்தி, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மீண்டும் எடுத்தேன். குறை காட்சியில் இருந்திருந்தால் மங்கல் சுவரின் அதே பகுதியில் நின்றிருக்க வேண்டும். அதுவோ கேமராவோடு சேர்ந்து திரும்பிச் சுவரின் மறுபக்கத்துக்குப் போனது. அதே பாடியில் 70-300 பொருத்தி எடுத்த படத்தில் எந்தக் குறையும் இல்லை. லென்ஸ் பொருந்தும் வாயான பாடியின் மவுண்ட் மீதும் பழி இல்லை என்று ஆயிற்று. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். பெரிய லென்ஸ் வாங்கும் ஒவ்வொருவரும், புதிய லென்ஸாகவே இருந்தாலும், இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படங்களோடு கடைக்குப் போனபோது கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். உங்களிடமும் இவற்றையே சொல்வார்கள். முதலில், "சார், 500 எம்.எம்.னா கை ஷேக் ஆகத்தான் செய்யும், பழகணும்" என்றார்கள். கை நடுக்கம் முழுப் படத்தையும் ஒரே திசையில் இழுக்குமே தவிர, இடப்பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுக்காது. அது மட்டுமன்றி, 750 மி.மீட்டருக்கு இணையான கோணத்தில் கையில் பிடித்து எடுக்க நொடியில் 750-இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நான் எடுத்தவை நொடியில் 2000-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கப்பட்டவை. அடுத்து, வெயிலில் காற்று அலைபாய்ந்திருக்கும் என்றார்கள். டெலிஃபோட்டோவில் அது உண்மையான தொல்லைதான். நண்பகலில் தூரத்துப் பறவையை எந்த லென்ஸாலும் தெளிவாக எடுக்க முடியாமல் போவது அதனால்தான். ஆனால் விடிந்த கையோடு எடுத்த படங்களிலும் மங்கல் அதே இடப்பக்கத்தில் இருந்தது. காற்றுக்கு இடம் வலம் தெரியாது.

மூன்றாவதாகச் சொன்னதுதான் புதியவர்களை எளிதில் நம்பவைக்கக்கூடியது. கேமராவிலேயே ஆட்டோஃபோகஸ் நுண்திருத்தம் இருக்கிறது, அதில் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, என் கேமராவை வாங்கி அமைப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வசதி, ஃபோகஸ் விழும் தளம் முழுவதையும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகர்த்துவதற்கானது. எல்லாப் படங்களிலும் ஃபோகஸ் பறவைக்கு முன்னால் விழுகிறது என்றால் அது உதவும். சாய்ந்துபோன கண்ணாடியை அது நிமிர்த்தாது. அவர்கள் மாற்றிய அமைப்பில் கடை வாசலிலேயே மீண்டும் எடுத்துக் காட்டினேன். இடப்பக்கம் தேறவில்லை, நடுப்பகுதியும் கெட்டது. அதன் பிறகு பேச்சின் தொனி மாறியது. பழைய பொருள், பார்த்துத்தானே வாங்கினீர்கள், விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது என்று பில்லின் அடியில் இருக்கிறது என்றார்கள். வேண்டுமானால் இதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு வேறு லென்ஸ் தருவதாகவும் சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் கொடுத்தபோது முழு உண்மையும் வந்தது. அங்கிருந்த பொறியாளர் மவுண்டைச் சுற்றியுள்ள திருகுகளை உருப்பெருக்கியின் கீழ் எனக்கே காட்டினார். திருகுகளின் தலையில் குறுக்குப் பள்ளம் சிதைந்து, கறுப்புப் பூச்சு உதிர்ந்து, உலோகம் பளபளத்தது. வெளியாள் யாரோ பொருந்தாத திருப்புளியால் கழற்றியதன் அடையாளம். டார்ச் வெளிச்சத்தில் பின்பகுதிக் கண்ணாடி ஒன்றின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட பூஞ்சை தெரிந்தது. அதன் பக்கத்தில் துடைத்த வட்டமும் தெரிந்தது. பூஞ்சையை நீக்க முயன்றதில் கண்ணாடியின் மேற்பூச்சே போயிருந்தது. வெளிறலுக்குக் காரணம் அதுதான். பூஞ்சை பூச்சை அரித்துவிட்டால் துடைப்பதால் அது மீளாது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்றும், அதற்கும் மையம் திருத்துவதற்கும் ஆகும் செலவு நான் கொடுத்த விலையில் பாதியை எட்டும் என்றும் சொன்னார். இந்த லென்ஸைச் சரியாகும் வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அவர் எச்சரித்ததையும் பதிவு செய்கிறேன். சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸ்களை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர்பெட்டியில் வைப்பவர்களுக்கு, வெளியிலிருந்து வரும் இத்தகைய ஒரு லென்ஸ் பெரிய ஆபத்து.

சர்வீஸ் மையத்தார் கொடுத்த ஜாப் ஷீட்டில் (பணிச் சீட்டில்) வரிசை எண் எழுதப்பட்டிருந்தது. கடையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது இந்தப் பூஞ்சை எப்படிக் கண்ணில் படாமல் போயிருக்கும் என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், நண்பருக்கு அனுப்பியிருந்த படத்தைத் திறந்து எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன். எண் வேறு. ரப்பர் வளையத்தின் தளர்ச்சியும் இந்த லென்ஸில் இல்லை.

இதைக் காட்டியபோது கடை உரிமையாளர், அந்தப் படம் எங்கள் கடையில் எடுத்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். படத்தின் பின்னணியில் அவருடைய கண்ணாடி அலமாரியும், படக்கோப்பில் பதிவான நேரமும், அதற்குச் சற்றுப் பின் அவர் கணக்கில் சேர்ந்த யுபிஐ தொகையின் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து, அவற்றால் பலன் கிடைக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றித் தெரியாததால்தான் பலர் இந்த இடத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பழைய பொருளைப் புதியது என்று காட்டுவதும், பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும், பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவற்றில் ஒன்று. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும், இணையவழியிலும் புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சீசனுக்கு முன் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதுதான். பணம் கொடுப்பதற்கு முன்பே வரிசை எண்ணைப் பில்லில் எழுத வையுங்கள். எழுத மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். சோதித்த லென்ஸை உங்கள் கேமராவிலிருந்து கழற்றாமல் அப்படியே உங்கள் பையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். பெட்டியையும் மூடிகளையும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சோதனையைக் கடைக்குள் குழல்விளக்கின் கீழ் அருகில் இருக்கும் பொருளை வைத்துச் செய்யாமல், வெளியே வந்து, லென்ஸின் அதிகபட்ச நீளத்தில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, தூரத்துச் சுவரை வைத்துச் செய்யுங்கள். இவ்வகை லென்ஸ்களில் குறைகள் பெரும்பாலும் அந்த நீளத்திலும் அந்த அப்பர்ச்சரிலும்தான் தலைகாட்டுகின்றன.

ஏற்கெனவே இப்படி வாங்கி, படங்கள் ஏன் தெளிவாக வரவில்லை என்று தங்கள் கையையே குறைசொல்லிக்கொண்டிருப்பவர்கள், மேலே சொன்ன தலைகீழ்ச் சோதனையைச் செய்து பாருங்கள். குறை லென்ஸில்தான் என்று தெரிந்தால், அதைப் பிரிக்கவோ வெளியில் பழுது பார்க்கவோ கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. திருகு ஒன்றைக் கழற்றிவிட்டாலும், பிரித்தது நீங்கள்தான் என்று கடைக்காரர் சொல்ல வழி கிடைத்துவிடும்.